தங்கச்சி வேலைக்குப் போனா பிள்ளைங்க ஜீவனாம்சம் குறைஞ்சிடுமா? இந்த ரூல்ஸ எப்பதான் மாத்துவாங்க?

திருப்பூர் அண்ணன்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கொஞ்சம் பெருசாதான் எழுதறேன், பொறுமையா படிச்சுட்டு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

என் தங்கச்சிக்கு 28 வயசு. ரெண்டு பிள்ளைங்க, பாப்பா மூணாவது படிக்கறா, பையன் அங்கன்வாடி போறான். மாப்ள குட்டியானை லோடு வண்டி ஓட்டறவர். மூணு வருசம் முன்னாடி சண்டையாகி பிள்ளைங்களோட எங்க வீட்டுக்கே வந்துட்டா, அதுக்கப்பறம் அவர் இந்தப் பக்கம் எட்டிக்கூட பாக்கல. கேஸ் போட்டு வாய்தா வாய்தான்னு அலைஞ்சு, ஒன்றரை வருசம் முன்னாடி ஆர்டர் வந்துச்சுங்க. அவளுக்கு 2000, பிள்ளைங்களுக்கு ஆளுக்கு 2000, மொத்தம் மாசம் 6000. நாலு மாசம் ஒழுங்கா குடுத்தார், அப்பறம் நின்னு போச்சு. இப்ப பதினாலு மாச பாக்கி, 84,000 ரூபா.

தங்கச்சி பனியன் கம்பெனில செக்கிங் போறா, சனிக்கிழமை சம்பளம். அதே கம்பெனில ஒரு அக்கா, "ஓவர்லாக் தையல் மிசின் பழக்கி விடறேன், பவர் டேபிளுக்கு மாறிக்கோ"ன்னு சொல்லியிருக்காங்க. டைலர் ஆயிட்டா பீஸ் ரேட்ல செக்கிங்க விட நல்லாவே கிடைக்கும்ங்க, எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா கோர்ட்டுல பழக்கமான ஒருத்தர், "இப்ப மிசின்ல ஏறாதம்மா, சம்பளம் ஏறுனா அதையே காட்டி ஆர்டர குறைச்சுடுவாங்க, பாக்கி வசூலாகற வரைக்கும் செக்கிங்லயே இரு"ன்னு சொல்லி வெச்சிருக்கார். அவளும் அதைப் புடிச்சுட்டு மாட்டேங்கறா. கையில தொழில் வர்ற நேரத்துல வேண்டாம்னு சொல்ற கொடுமைய பாத்துட்டு இருக்க முடியலீங்க.

வாரண்ட்டுக்கு போலாம்னா அதுலயும் ஒரு பயம். மாப்ள உள்ள போயிட்டா வண்டி டியூ நின்னு ஃபைனான்ஸ்காரன் வண்டிய எடுத்துட்டு போயிடுவான், அப்பறம் வெளிய வந்து எதை வெச்சு குடுப்பார்?

அரசாங்கத்துல கேக்கலாம்னு போனா கைவிடப்பட்ட பெண்கள் பென்சனுக்கு 30 வயசு ஆகணும், புருசன் விட்டுப் போயி 5 வருசம் ஆகணும், இல்லாட்டி கோர்ட்டுல பிரிஞ்ச சர்டிபிகேட் வேணும்ங்கறாங்க. பிள்ளை பசிக்கு 5 வருசம் காத்திருக்குமா? மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபா ஒரு ரேசன் கார்டுக்கு ஒருத்தருக்குத்தான், எங்க கார்டுல அம்மா வாங்கறாங்க, தங்கச்சி பேர் இன்னும் மாப்ள வீட்டு கார்டுலயே கிடக்குது.

சொந்தக் கால்ல நிக்கோணும்னு ஒரு பொம்பள நினைச்சா ஒவ்வொரு ரூலும் ஏன்ங்க அவ முந்தானைய புடிச்சு இழுக்குது? இதுல எதை மாத்துனா எங்கள மாதிரி குடும்பம் மேல வரும்? அதுக்கு முன்னாடி, அவ மிசின்ல ஏறலாமா வேண்டாமா?

பேனல் வக்கீல்:

ஏறச் சொல்லுங்க. திங்கக்கிழமையே ஏறச் சொல்லுங்க.

நான் சட்டப்பணிகள் ஆணைக்குழு பேனல்ல இருக்கேன், வாரத்துக்கு ரெண்டு மூணு பேராவது இதே பயத்தோட வர்றாங்க. மனைவிக்கு குடுக்குறதுக்கு "தன்னைத் தானே பராமரிக்க இயலாத"ன்னு ஒரு வார்த்தை சட்டத்துல இருக்கு, அதுக்கே கொஞ்சம் சம்பாதிச்சா எல்லாம் போச்சுன்னு அர்த்தம் கிடையாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2007ல சதுர்புஜ் சீதாபாய் கேஸ்ல சொல்லிடுச்சு, 2020 நவம்பர்ல ரஜ்னேஷ் நேஹா கேஸ்லயும் மனைவிக்கு வருமானம் இருக்குறது ஜீவனாம்சத்துக்கு தடை இல்லன்னு எழுதியிருக்காங்க. பிள்ளைங்க பங்கு தனி. மைனர் பிள்ளை அப்பாகிட்ட கேக்குற உரிமை அம்மா எந்த மிஷின்ல உக்காந்திருக்காங்கங்கறத பொறுத்தது இல்ல. அம்மா நல்லா சம்பாதிக்கிறாங்கன்னா படிப்புச் செலவ ரெண்டு பேரும் வருமானத்துக்கு ஏத்த மாதிரி பிரிச்சுக்கணும்னு சொல்லலாம், ஒரு டைலர் சம்பளத்த வெச்சு 2000 ரூபாய பிடுங்குறது நடக்காதுன்னே நெனைக்கிறேன். மாப்பிள்ளை குறைக்கணும்னா தனியா பெட்டிஷன் போடணும், சூழ்நிலை மாறிடுச்சுன்னு அவர்தான் காட்டணும். விலைவாசி ஏறினா அதே பிரிவுல நீங்களும் கூட்டிக் கேக்கலாம், அதை யாரும் வந்து சொல்றதில்ல.

இப்ப அவசரமான விஷயம். பதினாலு மாச பாக்கின்னீங்க. ஒரு மாசத்துப் பணம் எப்ப குடுக்க வேண்டியதோ அன்னையில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள பெட்டிஷன் போட்டாதான் வாரண்ட் கேக்க முடியும். அதாவது உங்களுக்கு முதல் ரெண்டு மாசம் ஏற்கனவே நழுவிடுச்சு, நீங்க யோசிக்கிற ஒவ்வொரு மாசமும் ஒரு 6000 நழுவும். நழுவினத சிவில் டிக்ரி மாதிரி வசூல் பண்ண வழி இருக்கான்னு கேக்கலாம், ரஜ்னேஷ் தீர்ப்புல அதுக்கு இடம் குடுத்திருக்காங்க, ஆனா சுத்து வழி. இந்த வாரமே போங்க. பொண்ணுங்களுக்கும் குழந்தைங்களுக்கும் இலவச வக்கீல் வைக்க வருமான வரம்பே கிடையாது, சட்டப்பணிகள் சட்டம் 12வது பிரிவு, ஃபோன்ல கேக்கணும்னா 15100.

ஜெயிலுக்குப் போனா கடன் தீர்ந்துடும்னு மாப்பிள்ளை நினைச்சார்னா அதுவும் தப்பு. 1988ல குல்தீப் கவுர் கேஸ்லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, உள்ள இருந்தாலும் பாக்கி பாக்கிதான்.

ரூல்ஸ்ல எதை மாத்தணும்னு கேட்டா, 2001 வரைக்கும் இந்த பிரிவுல மாசம் 500 ரூபாய்க்கு மேல போடவே முடியாது, அந்த வரம்ப எடுத்தது பெரிய மாற்றம்தான், அதே திருத்தத்துலதான் இடைக்கால ஜீவனாம்ச மனுவ நோட்டீஸ் சேந்து முடிஞ்ச வரைக்கும் 60 நாளுக்குள்ள முடிக்கணும்னும் கொண்டு வந்தாங்க. 2024 ஜூலை 1ல இருந்து பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 125வது பிரிவு, புது சட்டத்துல 144 ஆயிடுச்சு. நம்பர் மாறிச்சு, வசூல் பண்ற பொறுப்பு மட்டும் அப்படியே அந்தப் பொண்ணு தலையில இருக்கு. என்னோட கோபம் முழுக்க அங்கதான். ஆர்டர் போட்டது கோர்ட், ஆனா அது வரலன்னா லீவு போட்டு, ஒரு நாள் கூலிய விட்டு, பஸ் ஏறி வந்து பெட்டிஷன் போடுறது அவங்க. பேங்க் லோன் மூணு மாசம் நின்னா பேங்க்தான் ஆள தேடிப் போகுது.

மதுரை செல்வி:

தம்பி, உங்க தங்கச்சிகிட்ட இத படிச்சுக் காட்டுங்க.

நான் அந்தத் தப்ப செஞ்சவ. எம் புருஷன் விட்டுட்டுப் போனப்ப ஒரு ஜவுளிக்கடையில கேஷ் கவுண்டர்ல கூப்பிட்டாக, பிஎஃப், ஈஎஸ்ஐ எல்லாம் உண்டு, சம்பளம் பேங்க்ல போடுவோம்னாக. பேங்க்ல வந்தா ரெக்கார்டு ஆயிரும்ல, கேஸுல காட்டிருவாகன்னு சொந்தக்காரக சொன்னாக, நானும் வேணாம்னுட்டு வீட்லயே ஜாக்கெட் தச்சுக்கிட்டு கையில காசு வாங்கிட்டு இருந்தேன். கேஸு இழுத்துச்சு பாருங்க ரெண்டேகால் வருஷம். கடைசியா வந்த ஆர்டர் 3500. அந்த ரெண்டேகால் வருஷம் நான் அந்தக் கடையில இருந்திருந்தா பிஎஃப் மட்டுமே எவ்வளவு சேந்திருக்கும், பையனுக்கு டெங்கு வந்தப்ப ஈஎஸ்ஐ இருந்திருந்தா வட்டிக்கு வாங்கியிருக்க மாட்டேன். வராத காசுக்குப் பயந்து வர்ற காச விட்டேன்.

இன்னைக்கு அவரு குடுக்குறது ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, அதுவும் பாதி. எம் பிள்ளைக படிச்சது என் மிஷின் காசுலதான். அதுக்காக அவரு பங்க விட்டுரணும்னு சொல்ல வரல, வாங்கணும், ஆனா அத நம்பி உக்காந்துறக் கூடாது. மிஷின்ல ஏறச் சொல்லுங்க தம்பி, ஓவர்லாக்கோட நிக்காம ஃப்ளாட்லாக்கும் பழகச் சொல்லுங்க.

கார்டு விஷயம், மொதல்ல அவரு கார்டுல இருந்து பேர எடுக்க மனு குடுங்க, எடுத்தாத்தான் தனிக் கார்டுக்கே எழுத முடியும். எனக்கு அதுக்கே நாலு நடை ஆச்சு, விட்டுறாதீக.

லோடு வண்டி:

ப்ரோ நான் உங்க மாப்ள சைடுல இருக்குற ஆளு, அதான் எழுதுறேன், திட்டுறவங்க திட்டுங்க.

எனக்கு ஒரு பொண்ணு, அவங்க அம்மாகூட இருக்கா. சம்மன் வந்தப்ப நான் கோர்ட்டுக்குப் போகல, போனா உள்ள வெச்சுடுவாங்கன்னு எவனோ சொன்னத நம்பி ஒளிஞ்சுகினு இருந்தேன், நான் இல்லாமலே எக்ஸ்பார்ட்டில 9000 போட்டுட்டாங்க. நான் அப்ப இன்னொருத்தர் வண்டில பேட்டாவுக்கு ஓடிகினு இருந்தேன், வண்டி ஓடுனா காசு, நின்னா இல்ல. அந்த 9000ஐ பாத்த உடனே ஒண்ணுமே குடுக்காம வுட்டுட்டேன், அது என் தப்பு, பொண்ணு முகத்த ஒரு வருஷம் பாக்கல. ஏன் வுட்டேன்னா, எப்டியும் முழுசா குடுக்க முடியாது, பாதி குடுத்தாலும் குத்தம்தான், அப்ப எதுக்கு குடுக்கணும்னு மனசு போகுது. எங்கள மாதிரி ஆளுங்க நெறைய பேர் அப்டித்தான் நினைக்கிறாங்க.

வாரண்ட் வந்து, அப்பறம் ஒரு வக்கீலம்மா சமரச மையத்துக்கு கூட்டினு போனாங்க. அங்க ஒரு மேடம் கேட்ட ஒரே கேள்வி, உனக்கு காசு கையில எப்ப வரும்னு. சனிக்கிழமைன்னேன். அப்ப சனிக்கிழமை ராத்திரி ஜிபேல போடுன்னாங்க. 5000க்கு குறைச்சு, வாரத்துக்கு பிரிச்சு, பாக்கிக்கு தனியா கொஞ்சம். அத கோர்ட்டுல பதிவு பண்ணியாச்சு. இப்ப ரெண்டு வருஷத்துல நான் வுட்டது மொத்தம் மூணு வாரம், அதுவும் வண்டி எஞ்சின் இறங்கினப்ப.

மாசக் கூலி வாங்குறவனுக்கு மாச ஆர்டர் ஓகே. வாரக் கூலிக்காரன்கிட்ட மாசக் கடைசில 6000 மொத்தமா கேட்டா அவன் கையில இருக்காது ப்ரோ, இருந்தா அது அவன் குணத்துக்கு மிஞ்சின விஷயம். அவர விசாரிக்கும்போது உண்மையான வருமானத்த கேட்டு போடட்டும், வேலை போச்சுன்னா உடனே போய் சொல்ல ஒரு சுலபமான வழி இருக்கட்டும். இப்ப குறைக்கணும்னா அதுக்கு வக்கீல் ஃபீஸ் தனியா வேணும், அதுக்குள்ள பாக்கி ஏறிடும். ஜெயிலு கடைசில இருக்கட்டும், குடுக்க வசதி இருந்தும் ஏமாத்துறவனுக்கு.

கவுந்தப்பாடி:

லோடு வண்டி அண்ணா நீங்க குடுக்கறீங்க, சந்தோசம். ஆனா எல்லாரும் உங்கள மாதிரி இல்லீங்களே. பக்கத்து வீட்டுல ஒருத்தர் தறி வெச்சிருக்கார், கோர்ட்டுல நான் கூலி ஆள்னு சொல்லி 1500 போட வெச்சார். இன்னொண்ணு, அப்பனுக்குப் பதிலா அரசாங்கம் குடுக்கட்டும்னு ஆரம்பிச்சா அப்பனுங்க எல்லாம் கவர்மெண்ட் பாத்துக்கும்னு போயிடுவாங்க. இதுக்கு என்ன பதில்?

பேனல் வக்கீல்:

தறிக்காரருக்குத்தான் ரஜ்னேஷ் தீர்ப்புல பதில். ரெண்டு தரப்பும் சொத்து, வருமானம், செலவு எல்லாத்தையும் அஃபிடவிட்ல எழுதிக் குடுக்கணும், பொய் சொன்னா அதுக்குத் தனியா நடவடிக்கை. ஜீவனாம்சமும் பெட்டிஷன் போட்ட தேதியில இருந்து. அந்த அஃபிடவிட்ட முழுசா நிரப்பச் சொல்லி உங்க வக்கீல விடாம கேளுங்க, கரண்ட் பில், ஜிஎஸ்டி, வண்டி ஆர்சி எல்லாத்தையும் எடுங்க.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் திருப்பூர் அண்ணா. மத்திய அரசோட மிஷன் வாத்சல்யால ஸ்பான்சர்ஷிப்னு ஒண்ணு இருக்கு, கைவிடப்பட்ட, டைவர்ஸ் ஆன அம்மாவோட பிள்ளைக்கு மாசம் 4000, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல கேக்கணும். ஆனா வருமான வரம்பு கிராமத்துல வருஷம் 72,000, மத்த இடத்துல 96,000. கணக்கு போட்டுப் பாருங்க, மாசம் 8000. அதுக்கு மேல ஒரு ரூபா சம்பாதிச்சா 4000 மொத்தமா போயிடும். உங்க தங்கச்சி செக்கிங்லயே அதைத் தாண்டியிருப்பாங்க. இதத்தான் முதல்ல மாத்தணும்னு நான் சொல்வேன். வரம்பத் தாண்டினா படிப்படியா குறையட்டும், ஒரே நாள்ல வெட்டக் கூடாது. வெட்டினா மதுரை அக்கா செஞ்சதத்தான் எல்லாரும் செய்வாங்க, கையில காசு வாங்குவாங்க, பிஎஃப் வேண்டாம்பாங்க.

வன்னி அக்கா:

வணக்கம். நான் ஜேர்மனியில இருக்கிறன், ரெண்டு பிள்ளையளையும் தனிய வளத்தனான். அந்தத் தம்பி கேட்டாரெல்லோ, அரசாங்கம் குடுத்தா தகப்பன்மார் ஓடிப் போயிடுவினம் எண்டு, அதுக்குத்தான் எழுதிறன்.

இஞ்ச தகப்பன் காசு தராட்டி யூகென்ட்அம்ட் எண்ட பிள்ளையள் நலக் கந்தோரில போய் எழுதிக் குடுத்தாச் சரி, அரசாங்கம் பிள்ளைக்கு முற்பணமாக் காசைத் தரும். தந்திட்டு, தகப்பனிட்ட அறவிடுற வேலையை அரசாங்கமே பாக்கும். நான் அந்தாளுக்குப் பின்னால திரியத் தேவையில்லை, சண்டை பிடிக்கத் தேவையில்லை. அவர் குடுக்க வசதியில்லாத ஆள் எண்டா அறவிடேலாது, நிறையக் காசு திரும்பி வாறதில்லைத்தான், அந்த நட்டம் அரசாங்கத்துக்கு. பிள்ளைக்கில்லை. 2025இல 6 வயசில இருந்து 11 வயசு வரைக்கும் மாசம் 299 யூரோ. தாய் எவ்வளவு உழைச்சாலும் அதில கை வைக்க மாட்டினம். நான் மணித்தியாலம் கூட்டினா பிள்ளையின்ர காசு குறையுமோ எண்டு ஒரு நாளும் யோசிச்சதில்லை.

முந்தி இது 12 வயசு வரைக்கும்தான், அதுவும் மொத்தமா 72 மாசத்துக்கு மேல இல்லை. என்ர மூத்தவளுக்கு 12 ஆகினவுடன நிண்டு போச்சு, அந்த வருசம் பட்ட பாடு சொல்லேலாது, 12 வயசுப் பிள்ளை என்ன சாப்பிடாதோ? 2017 ஜூலையில 18 வரைக்கும் எண்டு மாத்திச்சினம். அதில ஒரு நிபந்தனை, 12க்கு மேற்பட்ட பிள்ளையெண்டா, அரச உதவிக் காசில இருக்கிற குடும்பத்தில தாய் மாசம் குறைஞ்சது 600 யூரோவாவது உழைக்கோணும். நான் அப்ப துப்புரவு வேலையில மினிஜொப் எண்டுற மாசம் 450 யூரோச் சின்ன வேலையோட நிண்டனான். இந்த நிபந்தனையாலதான் இன்னொரு இடத்தில மணித்தியாலம் கேட்டு 600ஐத் தாண்டினனான், பிறகு அங்கயே நிரந்தரமாக்கிச்சினம். அங்க உழைச்சா வெட்டுவினம் எண்டு சொல்லுறியள், இஞ்ச உழைச்சாத்தான் தருவம் எண்டினம். உழைக்கேலாத வருத்தக்காரத் தாய்மாருக்கு அதுவும் கஷ்டம்தான், அதையும் சொல்லத்தான் வேணும்.

மினசோட்டா குமார்:

அமெரிக்கால நடந்த தப்பையும் கேட்டுக்கோங்க, நம்ம ஊர்ல இத காப்பி அடிச்சுடக் கூடாது.

இங்க அப்பா சம்பளத்துல இருந்து முதலாளியே பிடிச்சு அனுப்பிடுவாங்க, அது நல்ல விஷயம், பெரும்பாலான பணம் அப்படித்தான் வசூலாகுது. ஆனா அம்மா டானிஃப்னு சொல்ற வெல்ஃபேர் வாங்கினா, பிள்ளைக்கு வர்ற பணத்தோட உரிமைய மாநிலத்துக்கு எழுதிக் குடுக்கணும். அப்பா கட்டுற பணத்த மாநிலம் தான் குடுத்த உதவிக்கு ஈடா வெச்சுக்கும். முன்னாடி மாசம் முதல் 50 டாலராவது குடும்பத்துக்குப் போகணும்னு ஒரு ரூல் இருந்துச்சு, 1996 சட்டத்துல அந்தக் கட்டாயத்தையும் எடுத்துட்டாங்க. அப்பா ராத்திரி ஷிப்ட் பாத்து கட்டுறார், பிள்ளைக்கு ஒரு ஷூ கூட அதுல வரலன்னா அவர் ஏன் ஒழுங்கான வேலைல இருப்பார்? கையில காசு வாங்குற வேலைக்குப் போயிடுறார். கொலராடோ மாநிலம் 2017 ஏப்ரல்ல இருந்து மாசா மாசம் வர்ற தொகைய, வெல்ஃபேரயும் குறைக்காம, முழுசா குடும்பத்துக்கே குடுக்க ஆரம்பிச்சது.

லோடு வண்டி அண்ணன் சொன்னதும் இங்க பெரிய பிரச்சனையா இருந்து 2016 டிசம்பர்ல மத்திய அரசு ரூல் மாத்தினாங்க. அப்பாவோட உண்மையான வருமானத்த பாத்துதான் தொகை போடணும், ஜெயில்ல இருக்குறவர வேணும்னே வேலைய விட்டவர்னு கணக்குல எடுக்கக் கூடாதுன்னு. அதுக்கு முன்னாடி உள்ள இருக்கும்போதே மாசா மாசம் கடன் ஏறி, வெளிய வரும்போது கட்டவே முடியாத தொகையா நிக்கும்.

அதனால நம்ம ஊர்ல அரசு முற்பணம் குடுக்கணும்னு கேட்டா வன்னி அக்கா சொன்ன மாதிரி கேளுங்க. அப்பா கட்டுறது பிள்ளை தட்டுல சோறா தெரியணும்.

திருப்பூர் அண்ணன்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலீங்க. மதுரை அக்கா எழுதினத தங்கச்சிகிட்ட அப்படியே படிச்சுக் காட்டுனேன், ஈஎஸ்ஐ வரி வந்தப்ப போன வாங்கி அவளே மறுபடி படிச்சா.

வியாழக்கிழமை இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனோம். வக்கீல் சார் சொன்ன மாதிரியே அங்கயும் சொன்னாங்க, முதல் ரெண்டு மாசம் போயிடுச்சு, பன்னெண்டு மாசத்துக்கு 72,000க்கு பெட்டிஷன் எழுதியாச்சு. அதுலயே, வாரண்ட்டுக்கு முன்னாடி சமரசத்துக்கு அனுப்ப சம்மதம்னும் எழுதச் சொன்னேன். லோடு வண்டி அண்ணா, உங்க யோசனைதான், மாசம் 6000ங்கறத வாரம் 1400ன்னு சனிக்கிழமை போடட்டும்னு கேட்டிருக்கோம், வருசத்துக்கு கணக்குப் போட்டா 72,800 வருதுங்க, யாருக்கும் நட்டமில்ல. மாப்ளைக்கு நானே போன் பண்ணேன், ரொம்ப நாள் கழிச்சு. பேசல, ஆனா வெக்கவும் இல்ல, பாப்பா எப்படி இருக்கான்னு மட்டும் கேட்டார்.

ரேசன் கார்டுல பேர் எடுக்க மனு குடுத்தாச்சு. வாத்சல்யா வரம்பு எங்களுக்கு ஒத்து வராதுதான், இருந்தாலும் ஒரு மனு எழுதிக் குடுத்துட்டு வந்தேன், வரம்ப மாத்தச் சொல்லி கலெக்டர் ஆபீஸ் குறை தீர்க்கற நாள்ல திங்கக்கிழமை ஒண்ணு குடுக்கப் போறேன். இதே மாதிரி எங்க லைன்ல இன்னும் ஏழு பொண்ணுங்க இருக்காங்க, அவங்க கையெழுத்தும் வாங்கிட்டு இருக்கேன். வக்கீல் சார், அந்த மனுவுல படிப்படியா குறைக்கறதப் பத்தி எப்படி எழுதறதுன்னு மட்டும் ரெண்டு வரி சொல்லிக் குடுத்தீங்கன்னா போதும்ங்க.

தங்கச்சி நேத்துல இருந்து ஓவர்லாக்ல உக்காந்துட்டா. ஊசி ரெண்டு உடைச்சுட்டாளாம்.